ஹைட்ரில்லாவுக்கு ஊற்றிய தண்ணீர்

ஹட்டனில் ஒரு பாடசாலை மண்டபம், விஞ்ஞானச் செய்முறைப் போட்டி. மேடையோரத்து மேசையில் நடுவர்கள் இருவர்: சுதாகரன் சேர், அவருக்கு வலப்பக்கம் டோரீன் மிஸ். எதிரே சன்னலை ஒட்டிய மேசையில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் வினோதா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். அவள் முன்னால் ஒரு கண்ணாடிப் போத்தலும் மேசை விளக்கும். பார்வையாளர் உட்காரும் மூன்றாவது வாங்கின் ஓரத்தில் அவளுடைய விஞ்ஞான ஆசிரியை ஷெரோமி. இதில் தேறினால் வினோதா மாகாணப் போட்டிக்குப் போவாள். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை.

போத்தலுக்குள் ஹைட்ரில்லா என்ற பாசிக்கொடி. விளக்கைத் தள்ளிவைத்தால் கொடி விடுகிற ஒட்சிசன் குமிழிகள் குறையும், கிட்டக் கொண்டுவந்தால் கூடும். வினோதா விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஒரு குமிழி, வெகுநேரம் கழித்து இன்னொன்று. விளக்கு போத்தலை இடிக்கிற அளவுக்கு வந்தும் அதே கதைதான். கண்டதைக் கண்டபடியே எழுதிக்கொடுத்தாள்.

சுதாகரன் சேர் தாளைத் தட்டினார். "ஏம்மா, பாசி தூங்குதா? லயத்துல வளர்ந்ததுக்கு வெளிச்சம் பழக்கமில்லையோ?"

மண்டபம் சிரித்தது. ஷெரோமிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. எழுந்து முன்னால் போனாள்.

"வினோதா, எந்தத் தண்ணி ஊத்துன? ஓடைத் தண்ணியிலதானே பழகுனோம்?"

"அது கலங்கலா இருந்துச்சு டீச்சர். பெரியவங்க முன்னால சுத்தமா இருக்கட்டும்னு கொதிச்சு ஆறின தண்ணிய வீட்ல இருந்து கொண்டாந்தேன்."

தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இல்லை. போன தவணையில் பாதி வகுப்பு வயிற்றுப்போக்கில் படுத்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சுத்தம் என்றால் கொதித்த தண்ணீர்தான், சொல்லிக்கொடுத்ததே ஷெரோமிதான். கொதித்தால் கிருமியோடு, கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும் போய்விடும். அது இல்லாமல் சூரியனையே கொண்டுவந்து வைத்தாலும் கொடி எதை வைத்து உணவு செய்யும்?

"சேர், தண்ணிய மாத்திக் காட்டுறோம். வாசல்ல பைப்பு இருக்கு."

"நேரம் முடிஞ்சுது டீச்சர். மத்தப் பிள்ளைங்க எல்லாம் செஞ்சாங்கதானே?"

"அவங்க டவுன் தண்ணியில செஞ்சாங்க. எங்க தாங்கிக்கு மூடி இல்லாததால இவ தண்ணியக் கொதிக்க வச்சது குத்தமா சேர்?"

"அத உங்க தோட்டத்த நடத்துற தொரைகிட்ட போய்க் கேளுங்க." அவர் தாளில் எழுதினார்: 'செய்முறை அறிவு போதாது.' பிறகு தேநீர் குடிக்க எழுந்து போனார், டோரீன் மிஸ்ஸும் பின்னாலேயே போனார்.

ஷெரோமி பல்லைக் கடித்துக்கொண்டு போத்தலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, வாசல் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் கொடியிலிருந்து குமிழிகள் மணி கோத்ததுபோல் கிளம்பின. விளக்கு கிட்ட வந்தால் வேகம், தள்ளிப்போனால் மந்தம். வினோதா வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்பையோடு திரும்பிவந்த டோரீன் மிஸ் குனிந்து பார்த்தார்.

"வருதே!"

"வருதுன்னு நீங்க சொல்லுவீங்களா மிஸ்?" என்றாள் ஷெரோமி.

அவர் சுதாகரன் சேர் போன வாசலைப் பார்த்தார். "கேட்டாங்கன்னா சொல்லுவேன். எழுதிக் குடுக்கிறதுன்னா என் பேரப் போடுங்க."

அந்த வாங்கிலேயே உட்கார்ந்து ஷெரோமி போட்டிக் குழுத் தலைவருக்கு எழுதினாள். 'இந்த மாணவி பொய் எழுதவில்லை. கொதித்த நீரில் வரக்கூடியதே அவளுக்கு வந்தது. செய்முறை அறிவு போதாது என்ற வரியை நீக்கி, அவள் மறுபடி செய்ய ஒரு நாள் தரவும். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தரவும். திருமதி டோரீன் நேரில் பார்த்த சாட்சி. லயத்தைப் பற்றிச் சுதாகரன் அவர்கள் சொன்னதை மண்டபமே கேட்டது. அதற்கும் பதில் வேண்டும்.'

எட்டிப் பார்த்த வினோதா மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், 'தயவுசெய்து'ன்னு போடலியா?"

"போட மாட்டேன்."

இருவரும் மழையில் தபாற்கந்தோருக்கு நடந்தார்கள். ஷெரோமி பசை தடவி உறையின் வாயை அழுத்தி ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டாள்.