அம்மா மிதிக்காத கார்ப்பெட்

சோபாவின் ஒரு முனையை அம்பிகா தனியாகவே இழுத்தாள். கூடப் பிடிக்க யாரும் வரவில்லை. அம்மா ரங்கம்மாள் விடிகாலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓலைச் சாய்ப்பில் இறந்துபோயிருந்தாள். அவளைக் கூடத்தில்தான் கிடத்த வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். வாசலில் பந்தல் போட்டு பெஞ்சில் வைத்தால் போதும் என்றான் அண்ணன் மனோஜ்.

"உள்ள இன்னாத்துக்கு அம்பிகா? கார்ப்பெட்டு பாழாப்பூடும்."

தோணிரேவு கிராமத்திலேயே கார்ப்பெட் போட்ட முதல் வீடு அது. ரங்கம்மாளோ ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே கார்ப்பெட் கறுக்கத் தொடங்க, பழி முழுக்க அவள் கால் சேற்றின் மேல் விழுந்தது. மருமகள் ஷாலினி முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுத் தட்டைச் சாய்ப்புக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ரங்கம்மாள் கூடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரோஷக்காரி.

சோபா நகர்ந்தது. அடியில் கார்ப்பெட் வாங்கிய அன்றைய சிவப்பிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற இடமெல்லாம் என்ன கதி ஆகியிருக்கிறது என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உறைத்தது. வாசலிலிருந்து டி.வி. வரைக்கும் நூலெல்லாம் படிந்து ஒற்றையடிப் பாதையாகக் கறுத்திருந்தது. சமையலறை ஓரம் தாளிப்புப் புகையின் பிசுக்கில் தூசி அப்பிக்கிடந்தது. மனோஜ் எண்ணெய்த் தலையோடு படுக்கும் இடத்தில் வட்டமாக ஒரு கறை. ஜன்னலடியில் வெயில் தின்ற வெளுப்பு.

அம்பிகாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அம்மா இத்த மிதிச்சே ரெண்டு வருசம் ஆவுது. இது யாரு காலுன்னு நீயே பாத்துக்க அண்ணா."

மனோஜ் குனிந்து பார்த்தான். பிறகு சாய்ப்புக்குப் போய் அம்மாவின் தலைமாட்டைப் பிடித்தான். கால்மாட்டை அம்பிகா பிடித்துக்கொண்டாள். கூடத்தின் நடுவில், கார்ப்பெட்டின் மேலேயே கிடத்தினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு, ரங்கம்மாளோடு இறால் தடவும் பெண்கள் ஏரியிலிருந்து போட்டது போட்டபடி வந்துவிட்டார்கள். முழங்கால்வரை சேறு. வீட்டைப் பார்த்ததும் தயங்கினார்கள். முன்னால் வந்த ஜமுனா வாசல் குழாயைத் திறந்து புடவையைத் தூக்கிச் செருகினாள்.

அம்பிகா இறங்கிவந்து குழாயை மூடினாள்.

"கழுவ வேணாம் அத்த. அப்படியே வாங்க."

ஷாலினி ஒதுங்கி வழிவிட்டாள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஈரச் சேற்றுக் கால் தடம் வாசலிலிருந்து அம்மாவின் காலடி வரைக்கும் விழுந்தது.