மேலே ஒரு பூச்சு

அன்று மாலை அவர் கடைசியாகக் குறை சொன்னது பசையைத்தான். அடுப்பில் மைதாவைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கட்டி தட்டுதும்மா. என் யானைக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். "இந்தாங்க கரண்டி, நீங்களே கிண்டுங்க" என்று அவள் நீட்டியதும் ஓவிய ஆசிரியருக்கு வாசலில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. போகிற போக்கில், பள்ளியில் இருக்கும் காகித யானைகளில் தொங்கிப்போன இரண்டு தும்பிக்கைகளை ஒட்டிவிட்டால் மேலே ஒரு பூச்சுதான் பாக்கி என்றார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு மூன்றாம் வகுப்பு ஆசிரியை வந்தாள். பேச்சோடு பேச்சாக, ஓவிய அறையை ஒழிக்கச் சொல்லித் தலைமையாசிரியை உத்தரவு போட்டிருப்பதையும், பிள்ளைகள் செய்த காகிதக்கூழ் யானைகள் அரைகுறையாகக் குப்பைக்குப் போகப்போவதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு அது பொறுக்கவில்லை. அவர் கைவைத்த வேலை, அவர் சொன்னபடியே முடிய வேண்டும். மறுநாளே கட்டிலுக்கடியில் இருந்த சாம்பல் நிறப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

"பசை அத்தை வந்தாச்சு" என்று வகுப்பு முழுக்கச் சலசலப்பு. அத்தை காய்ச்சிய பசையை வீணாக்காதீர்கள் என்று அவர் ஓயாமல் சொல்லியே முகம் தெரியாத உறவு ஒன்று ஒட்டிப்போயிருந்தது.

ஜன்னலோரம் வரிசையாக நின்ற யானைகளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஒன்றின் நெற்றியில் காகிதத் தேனீ, ஒன்றின் முதுகில் கரப்பான், இன்னொன்றில் யானைக் காதைவிடப் பெரிய சிலந்தி. ஒரு யானைகூடத் தப்பவில்லை.

"சார் இல்லைன்னதும் இஷ்டத்துக்குப் பண்ணி வெச்சிருக்குங்க. எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டுப் பெயின்ட் அடிங்க" என்றார் பின்னாலேயே வந்த தலைமையாசிரியை. அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கரப்பானுக்கு அடியில் நகத்தைக் கொடுத்தாள்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி ஓடிவந்து யானையைக் கட்டிக்கொண்டாள். "பிய்க்காதீங்க அத்தை. சார்தான் சொன்னாரு, மேல ஒரு பூச்சி போட்டா முடிஞ்சதுன்னு. நாங்களே முடிச்சிட்டோம்."

பசை அத்தை பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். தலைமையாசிரியைக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரம் ஆனது. பிடிபட்டதும் அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூச்சு எது, பூச்சி எது என்று யாரும் பிள்ளைகளுக்கு விளக்கப் போகவில்லை. "சார் சொன்னபடிதான் செஞ்சிருக்கீங்க. சாயம் மட்டும் நான் தர்றேன்" என்றாள் அவள். பூச்சிகளின் கால்மேல் படாமல் சுற்றிச் சுற்றிச் சாம்பல் நிறம் தீட்டுவதற்குள் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. தலைமையாசிரியையும் ஒரு தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். சிலந்திக்கு எதற்கு இத்தனை கால் என்று அவர் அலுத்துக்கொள்ள, "அதுக்கு அவ்வளவுதான் மிஸ்" என்று பதில் வந்தது.

அறையை ஒழிக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. இப்போது வேறு ஓவிய ஆசிரியர் வந்திருக்கிறார். மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இன்னமும் ஓவியம்தான்.