ஆறு இருபத்தெட்டுக்கு நான் சுட்ட நால்வர்

எனக்குப் பொறுமை கம்மி. ஷூ கம்பெனியில் என் தையல் மிஷினுக்கே அது தெரியும். அதனால்தானோ என்னவோ, பக்கத்து மிஷின் ஃபிர்தௌஸ் தன் கேம் டீமில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். போனில் ஆடும் துப்பாக்கி ஆட்டம். ஆம்பூரிலிருந்து அவளும் அவள் பெரியம்மா மகள்கள் இருவரும், பள்ளிகொண்டாவிலிருந்து நான். எதிரணி வாணியம்பாடிப் பெண்கள் நால்வர். தலைவி சானியா அக்கா. ஷிப்ட் முடிந்து வீடு போனதும் தினமும் ஆறு மணிக்கு ஆட்டம். பத்து நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரம்ஜான் முதல் நோன்பு அன்று, மணி ஆறு இருபத்தெட்டு. திடீரென்று எங்கள் ஆட்கள் மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கூப்பிட்டால் மைக்கில் பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். வாணியம்பாடிக்காரிகள் நால்வரும் வெட்டவெளியில் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மரம் மாதிரி நின்றார்கள். அந்தப் பக்கம் மொத்தமாக நெட் போய்விட்டது என்று நினைத்தேன். துப்பாக்கியை ஏன் கீழே போட்டார்கள் என்று யோசிக்க எனக்கு ஏது நேரம்? நால்வரையும் சுட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று திரையில் வந்ததும் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபிர்தௌஸ் குரல் வந்தது. வாயில் பேரீச்சம்பழம்.

"அடிப்பாவி. நோன்பு தொறக்க பத்து நிமிஷம் ரெண்டு டீமும் போன கீழ வெக்கறது வழக்கம்டி. தண்ணி குடிச்சிட்டிருந்தவங்கள சுட்டுட்டியே."

"யாரும் எனக்கு சொல்லலியே."

"பாங்கு சத்தம் கூடவா கேக்கல?"

எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குக் கேட்பது பஸ் ஹாரன்தான். அதைச் சொல்வதற்குள் மைக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தைத்த தோலை மட்டும் என் பக்கம் தள்ளினாள். சானியா அக்கா இனி ஆட வரமாட்டாராம். அதையும் எதிர் மிஷின் ஜாஸ்மின் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து நாள் தோற்றபோது கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஃபிர்தௌஸ் பேசாவிட்டால் அந்த எட்டு மணி நேரம் வெறும் மிஷின் சத்தம்தான்.

சாயங்காலம் நானே சானியா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நந்தினி பேசறேன்க்கா. தெரியாம பண்ணிட்டேன். இன்னிக்கி நீங்க நோன்பு தொறந்து முடிக்கற வரைக்கும் நான் கேம்ல வெட்டவெளில வந்து நிக்கறேன். முடிச்சதும் மொதல்ல என்னையே சுடுங்க."

"சரி, வா" என்றார்.

துப்பாக்கியைப் போட்டுவிட்டு வெட்டவெளியில் நின்றேன். பத்து நிமிடம் சும்மா நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மைக்கில் யாரோ கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் சானியா அக்கா பேசினார்.

"இன்னா நிக்கற? ஓடு. பத்து எண்ணிட்டு சுடறேன்."

ஓடினேன். எட்டிலேயே சுட்டுவிட்டார். சுருண்டு விழுந்தேன்.

"பத்துன்னு சொல்லிட்டு எட்டுல சுடறீங்களே, இது இன்னா நாயம்க்கா?" என்று மைக்கில் ஒரு குரல் சண்டைக்குப் போனது. "அவ எங்க டீமு. இன்னும் ரெண்டு எண்ணுங்க, மறுபடி ஓடுவா."

ஃபிர்தௌஸ்தான். செத்துக் கிடந்த எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.