மலைக்குக் கொடுத்த கடிதம்

வீரபத்திரனுக்குச் சாட்சி எழுதிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யார்மீதாவது கோபம் வந்தால் அது சரியான ஆள்மீது வரட்டும்.

அப்போது திருத்தணியில் எங்கள் சபை மொத்தம் இருபது குடும்பம். போதகர் அரக்கோணத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியாரான நானே பிரசங்கம் செய்து, மணியும் அடித்து, மழைக்கு முன்னால் கூரை ஓடும் மாற்றுவேன். வீரபத்திரன் மலையில் பக்தர்களுக்கு மொட்டை போடுகிறவர். பதினைந்து வருஷமாக அதே கொட்டகை, அதே கத்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஞானஸ்நானம் பெற்றார். பதிவேட்டில் தாவீது என்று எழுதினேன். அவர் மனைவி அம்சாகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலையில் அவர் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. சபையிலும் யாரும் அவர் பிழைப்பைக் கேட்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் தெருப்பிரசங்கத்துக்கு நாலு பேர்கூட நிற்பதில்லை. மலையில் முடி எடுக்கிறவரே இயேசுவிடம் வந்த கதையைச் சாட்சியாகச் சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று கணக்குப் போட்டேன்.

"எனக்குப் பேச வராதுங்கய்யா," என்றார் வீரபத்திரன். "ராத்திரியில நிம்மதியா தூங்கறேன். அத வேணா சொல்றேன்."

அது போதாது என்று நினைத்தேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். 'மலைக்கு முடி எடுத்த இந்தக் கை இனி இயேசுவுக்கே சொந்தம்' என்ற வரி என்னுடையது. அவர் அதை மெகாபோனில் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். நான் ஆர்மோனியத்தின் பின்னால் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கொட்டகையில் அவருக்கு இடமில்லை. அங்கே முடி எடுப்பவர்களுக்கெல்லாம் பெரியவரான துளசிங்கத்திடம் நானே போய்க் கேட்டேன். அவர் திட்டவில்லை. "வர்றவன் முடிய சாமிக்குக் குடுக்கறான். அத எடுக்கற கை சாமிய நம்பற கையா இருக்கணும் இல்லீங்களா? அவரே வேணான்னு மைக்குல சொல்லிகினு இருந்தாரே, நான் இன்னா பண்றது?" என்றார்.

சபை கூடி வீரபத்திரனுக்காக உபவாச ஜெபம் செய்தது. பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் மரத்தடியில் முடி வெட்ட உட்காரச் சொன்னேன். அங்கே முடி எடுக்கும் உரிமை தலைமுறையாக வேறொரு குடும்பத்துக்கு. அரை நாளில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் சபை ஆண்களோ, பெரிய கண்ணாடி மாட்டிய பஸ் ஸ்டாண்டு சலூனை விட்டு அவரிடம் வரவில்லை. ஜெபத்தில் மட்டும் ஒருவர் குறையவில்லை.

மலையில் அதிக மொட்டை விழும் ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீரபத்திரன் வந்தார்.

"துளசிங்கண்ணன் ஒரு வழி சொல்றாருங்கய்யா. நான் உங்க சபை ஆள் இல்லன்னு நீங்க ஒரு கடுதாசி குடுத்தா சேத்துக்கறாராம்."

"கர்த்தரை மறுதலிக்கப் போறியா?"

"நான் மறுதலிக்கலீங்கய்யா. கடுதாசிதான் கேக்கறேன்."

முடியாது என்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி சுகிர்தம் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பிள்ளைகள் வெறும் முருங்கைக்கீரையை வேகவைத்துத் தின்கிறார்கள் என்றாள். பிறகு, "அந்தச் சாட்சிய எழுதினது நீங்கதானே. இதையும் எழுதிக் குடுங்க," என்றாள்.

எழுதினேன். 'மேற்படி வீரபத்திரன் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல.' சபை முத்திரையும் வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அவருக்கு வேலை கிடைத்தது. அம்சா கடைக்குப் போய் அரிசி வாங்கினாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நற்கருணை எடுக்கிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமையே உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வந்த அப்படியொரு சனிக்கிழமை சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். வீரபத்திரன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு வந்து நின்றார். நகக்கண்ணில் மட்டும் சந்தனம் ஒட்டியிருந்தது, மொட்டைத் தலைகளுக்குப் பூசிய சந்தனம்.

"எம்பேரையும் எழுதிக்கோங்கய்யா."

"கடுதாசி?" என்றேன்.

"ஆங், அது மலைக்குக் குடுத்ததுதானே. இங்க நான் நம்ம ஆளுதானுங்களே," என்றார். வஞ்சகமே இல்லாமல் சொன்னார்.

எழுதாமல், போதகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏழு மணி ரயிலில் போதகர் வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கடிதம் நான் எழுதியது என்றும் சொன்னேன்.

"நீங்க இரக்கப்பட்டு எழுதினீங்க, அது வேற," என்றார். "அவர் அதைக் கேட்டு வாங்கியிருக்கார். சபை முன்னால அறிக்கை பண்ணட்டும், சேத்துக்கலாம்."

சபையில் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிடும். கிருத்திகைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால், "சட்டம் நான் போட்டதில்லையே, உபதேசியாரே," என்றார்.

வீரபத்திரன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிறு காலை அவர் அம்சாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் அப்பத்தைப் பிட்டார். பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். வீரபத்திரனும் எழுந்தார். இரண்டடி வந்து என்னைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவர் திரும்பி அம்சா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கைகளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

பட்டியலில் கடைசிப் பேர் எப்போதும் உபதேசியாருடையது. போய் முழங்கால் போட்டேன். இரண்டு காகிதத்தையும் எழுதிய கையை நீட்டினேன். போதகர் அதில் அப்பத்தை வைத்தார்.

வாங்கிச் சாப்பிட்டேன்.