வால்டிக்கு எழுதிய மாத்திரை

வால்டி மறுபடியும் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். கூடத்து ஜன்னலிலிருந்து சமையலறைக் கதவுவரை, முகம் ஒரு பக்கமும் போகிற வழி மறுபக்கமுமாக. வலது கை இடமும் வலமும் வீசிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி தோரா கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அது ஓரிடத்தில் மடிந்து கிடக்கிறது. அதில் இடறினால் இடுப்பெலும்பு போகும், போனால் ஆஸ்பத்திரி. இந்தக் கொரோனாவில் ஆஸ்பத்திரிக்குள் போனவரைப் பெண்டாட்டிகூடப் பார்க்க முடியாது. அங்கிருந்து நேரே முதியோர் இல்லம். அந்த இல்லத்து வாசலில் போன மாதம் பிண வண்டி வந்து நின்றதைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"வால்டி, கொஞ்சம் உக்காரேன்ப்பா. எனக்குத் தலை சுத்துது."

"தளம் இன்னும் இறுகல. நீ ஏன் குறுக்க வர்ற?"

அவர் என்ன செய்கிறார் என்று தோராவுக்குத் தெரியாமல் இல்லை. உறைந்த பனித்தளத்தில் கனமான கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கு, ஏரிக்கரை மன்றத்தில் தளம் போட்டே தலை நரைத்தவர் அவர். தளத்தின் மேல் வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்தால் அது மணல்மணலாக உறையும். அதன்மேல்தான் கல் சறுக்கி ஓடும். தெளிக்கிறவர் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும், இல்லையென்றால் தன் வேலையைத் தானே மிதித்துக் கெடுப்பார். நினைவு தப்ப ஆரம்பித்த பிறகும், முதியோர் பகல் மையத்தில் சீட்டாட்டமும் பாட்டுமாக அவருக்குப் பொழுது போனது. நோய் வந்து மையத்தை மூடினார்கள். இந்தக் குளிர்காலம் கர்லிங் மன்றமும் திறக்காது என்றார்கள். மனுஷனுடைய நடை மொத்தமும் இந்தச் சின்ன வீட்டுக்குள் வந்து விழுந்தது.

டாக்டர் போனில்தான் பார்த்தார், அதாவது பார்க்கவே இல்லை. சனிக்கிழமைதோறும் வாசலில் சாமான் வைத்துவிட்டுப் போகும் மகள் இங்காவும் வின்னிபெக் நகரத்திலிருந்து அதே அழைப்பில் சேர்ந்துகொண்டாள். பேசியதெல்லாம் அவள்தான்.

"அப்பா கம்பளத்துக்குத் தண்ணி தெளிக்கிறேன்னு சொல்றாரு டாக்டர்."

"இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது போல. ராத்திரி தூங்குறாரா?"

"அம்மாதான் தூங்கறதே இல்ல."

அவ்வளவுதான், தோரா வாயைத் திறப்பதற்குள் மாத்திரை எழுதியாகிவிட்டது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. சாயங்காலமே மருந்துக்கடை வண்டி வந்து, பையை வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போனது.

மாத்திரை வேலை செய்தது. வால்டி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருந்தார். சூப் வாயோரம் வழிந்தால் துடைக்கக் கை எழவில்லை. தன் வலது கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை குடுத்தியா?" என்று இங்கா தினமும் கூப்பிட்டாள்.

"குடுத்தேன்."

"அப்பா அமைதியா இருக்காரா?"

"இருக்கார்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?"

முதலில் சில நாள் தோரா அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். பிறகு அந்த அமைதியே அவளைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்; இப்போது நடக்கிறவள் அவள். டாக்டர்மேல் கோபம், இங்காமேல் கோபம், எல்லோரையும்விடத் தன்மேல் கோபம். புருஷனைக் கட்டிப்போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினோமே என்ற கோபம்.

அன்று காலை மாத்திரையை அவர் கஞ்சிக் கிண்ணத்திலேயே துப்பியிருந்தார். முந்தின நாள் கொடுத்தவையும் நாற்காலி மெத்தைக்கு அடியில் கிடந்தன. மதியம் அவள் மாத்திரையை நீட்டியபோது அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயைத் திற, வால்டி."

"நீயே போட்டுக்கோ."

இத்தனை நாள் கழித்து முழுசாக வந்த பேச்சு இது! தோராவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, போட்டுக்கறேன்! என்ன ஆகிடப் போகுது?" என்று மாத்திரையை வாயில் போட்டுக் காப்பியை ஊற்றி விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு தடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் வந்து உட்கார்ந்தாள். அதற்குமேல் எழ முடியவில்லை. தூக்கமும் இல்லை. எல்லாம் தெரிந்தது, எல்லாம் காதில் விழுந்தது. எழு என்றால் கால் கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தலைவழியாகப் போட்டு மூடியதுபோல் இருந்தது.

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் வாசல் கதவு திறந்தது. குளிர்காற்று அவள் கணுக்காலில் வந்து மோதியது.

"வால்டி!" என்று கத்தினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது. மேல்கோட்டு போட்டாரா? விழுந்தால்? அவளுக்கு உயிரே போய்விட்டது. நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் தவழ்ந்து ஜன்னலுக்குப் போனாள்.

கார் நிறுத்தும் பாதையில் வால்டி பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். மேல்கோட்டு போட்டிருந்தார், உள்பக்கம் வெளியே தெரியும்படி. கையில் தோட்டத்துப் பூவாளி, அதிலிருந்து ஆவி பறந்தது. வெந்நீர்தான் வேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை, பாவி மனுஷன்! வெறும் பனிக்கட்டியின் மேல் அவர் கால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

மருந்துக்கடை வண்டி வந்து நின்றது. முகமூடி போட்ட ஒரு பெண் பையோடு இறங்கினாள்.

"ஏய்! தெருவில போட்ட பூட்ஸோட என் தளத்துல ஏறாதே!"

அவள் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தாள். பையைப் பனிமேட்டில் போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். தோராவுக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, கன்னம் அசையவில்லை. கண்ணீர் மட்டும் சொன்னபடி கேட்டு வந்தது.

வால்டி தானாகவே உள்ளே வந்தார், மூக்கு சிவந்து. ஜன்னலடியில் தரையில் கிடந்தவளைக் குனிந்து பார்த்தார்.

"உனக்கு என்ன ஆச்சு, தோரா?"

அவர் வாயால் தன் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் இங்கா கூப்பிட்டபோதும் தோராவின் நாக்கு முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு. நான் போட்டுக்கிட்டேன்."

"என்னது? அம்மா, உனக்கென்ன பைத்தியமா? உன் பிரஷருக்கு அது என்ன ஆகும்னு தெரியுமா?"

"கத்தாதேடி. உங்கப்பாவை இத்தனை நாளா எங்க வெச்சிருந்தேன்னு போய்ப் பாத்துட்டு வந்தேன்."

தோரா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"காலையில டாக்டருக்கு நானே போன் போடப்போறேன். அவர்கிட்ட நான்தான் பேசுவேன், நீ இல்ல," என்றாள் தோரா. "அப்புறம், சனிக்கிழமை வாசல்ல சாமான் வைக்க வர்றப்ப, பனியில வழுக்காம இருக்க பூட்ஸுக்கடியில மாட்டுவாங்களே முள்ளுப்பட்டை, அது ஒரு ஜோடி வாங்கிட்டு வா."

"அப்பாவுக்கா?"

"அவருக்கு எதுக்குடி? எனக்கு."