ஒன்பதாவது சுத்தக் கிணறு

தெசாங்கா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்து காரைக் கிளப்பியபோது மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குப் பாதிரியார் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். குலப் புனிதரின் விழாவுக்கு முன்னால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மந்திரித்துத் தருவார். ஆளுக்கொரு மடக்கு. முதல் மடக்கு இந்த வருடம் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் அண்ணி ருஜித்சாவுக்கு.

அணு உலையைச் சுற்றி ஒன்பது சோதனைக் கிணறுகள். எட்டு, ஆற்றுப் பக்கம். ஒன்பதாவது ஊர்ப் பக்கம். களிமண் பூமி, கசிவு ஆற்றுக்குத்தான் போகும், ஊர்ப் பக்கம் வராது என்பதால் அதற்கு ‘சுத்தக் கிணறு’ என்றே பெயர். அதன் கதிரியக்கத்தை இயற்கை அளவாக வைத்து மற்ற எட்டிலிருந்தும் கழிப்பார்கள். வருடா வருடம் மிச்சம் பூஜ்யம். கழிக்கிற வேலை நிலவியலாளர் மிலோயேவுடையது, அவளுக்கு ஞானத்தகப்பன். அவர் நீட்டும் தாள்களில் அவள் கையெழுத்துப் போடுவாள். இன்று அவர் பல் டாக்டரிடம் போயிருந்தார். கழிக்க அவள் உட்கார்ந்தாள். எட்டையும்விட ஒன்பதில்தான் கதிரியக்கம் அதிகம். ஒன்பதைத் துளையிட்டபோது எடுத்த மண்ணை வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். பதினான்கு மீட்டருக்குக் கீழே களிமண் இல்லை, சரளை. மூடிப்போன பழைய ஆறு ஒன்று, நேராக ஊரை நோக்கி.

போனில் மிலோயே மரத்த வாயோடு குழறினார். “மெஷின் கோளாறு, பொண்ணே. போய் வயிறாரச் சாப்பிடு.”

வீட்டுக்குள் நுழைந்தபோது கிண்ணம் ருஜித்சாவின் உதட்டில் இருந்தது. தட்டிவிட்டாள்.

“உலையில வேலை செஞ்சு மூளை உருகிப்போச்சாடி?” அண்ணன் ஒப்ராத் பாய்ந்தான்.

பாதிரியார் நனைந்த அங்கியை உதறினார். “எனக்கு இன்னும் பன்னெண்டு வீடு இருக்கும்மா. மொத வீட்டுலயே குளிப்பாட்டிட்டே.”

அம்மா ஸ்தமேனா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“கத்தாதே. அது கிணத்துத் தண்ணி இல்லை.”

மேஜைக்கடியில் ஐந்து கேன்கள்.

“ஆறு வருஷமா மிலோயே கொண்டுவந்து தர்றார். மலை ஊத்துன்னு சொல்லி எல்லாருக்கும் ஊத்தறேன்.”

“ஊர்ல மத்தவங்க?”

அம்மா கேன்களைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே பாதிரியார் அடுத்த வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தார். அங்கே கிணற்றுச் சங்கிலி கடகடவென்று இறங்கியது. தெசாங்கா கதவைத் திறக்கப் போனாள். அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போகாதேடி. ஒன்பது சுத்தம்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டது மிலோயே இல்லையாம். காகிதம் பூரா உன் பேராம்.”