பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

1

இந்தக் கதை முகநூலில் கிடந்தது. இரவு வேலையை விட்டிருந்த நாட்கள். பகலிலும் தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஓர் ஓவியம் கண்ணில் பட்டது: கண் மூடிய ஒரு முதிய பெண், பச்சையும் செங்கல் நிறமுமாக அப்பிய முகம், உடலுக்குப் பொருந்தாத பெரிய கைகள். கீழே ‘ஆழ்ந்த இரங்கல்கள்’, ‘ஓம் சாந்தி’ என்று வரிசை. இரண்டு நாள் கழித்து வரைந்தவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘அவா உயிரோடதான் இருக்கிறா.’

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையில் ஒரு முழு நாள் இருக்கிறது. அந்த நாளை நான் புளுகுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘துணுக்காயின் செம்மண் வெயிலில் ரஜிதாவின் தூரிகை…’ வேண்டாம். செம்மண்ணும் வெயிலும் எல்லாக் கதையிலும் இருக்கின்றன.

அடுத்தது: ‘போரின் வடுக்களைத் தன் வண்ணங்களில்…’ இது கண்காட்சித் திறப்புவிழாப் பேச்சு. வெட்டினேன்.

உள்ளபடி சொல்வதானால், ரஜிதா வடக்கே துணுக்காயில் பழைய உரக் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் படம் வரைகிறாள். தகரக் கூரை. மத்தியானத்தில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். அதனால் அவசரமாக அப்புவாள். (அவளை மெச்சி எழுதுபவர்கள் இதை ‘உணர்ச்சி வேகம்’ என்கிறார்கள். பாதி வேகம் தகரத்தினுடையது.) சனிக்கிழமைகளில், வரைந்ததைப் படமெடுத்து முகநூலில் போடுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் முன் கதிரையில் இருந்தவள் பக்கத்து வளவு சுப்பம்மா. வெக்கையில் இருந்தபடியே தூங்கிப்போனாள். ரஜிதா எழுப்பவில்லை. தூங்கும் முகத்தையே வரைந்தாள்.

“பேரு மட்டும் போட்டா யாருக்குத் தெரியும்?” என்றாள் சுப்பம்மா, விழித்த பிறகு. “எங்க பொறந்தேன், எங்க இருக்கேன், எல்லாம் போடு புள்ள.”

ரஜிதா யோசிக்காமல் தட்டினாள்: ‘பதுளையைப் பிறப்பிடமாகவும் துணுக்காயை வதிவிடமாகவும் கொண்ட சுப்பம்மா.’

(வெளியூர் வாசகருக்கு: எங்களுக்கு இந்த வாக்கியம் மரண அறிவித்தலில்தான் வரும். காலையில் போனைத் திறந்தால் அதைத்தான் முதலில் வாசிக்கிறோம். ஓர் ஆளை வேறு மாதிரி அறிமுகப்படுத்த ரஜிதாவின் விரலுக்குத் தெரியவில்லை.)

3

ஞாயிறு காலை இரங்கல் வரிசையைக் கண்டு ரஜிதா பதறியடித்துப் படத்தை அழிக்கப் போனாள். சுப்பம்மா விடவில்லை.

“பொறு. என்னா எழுதியிருக்காங்கன்னு வாசி.”

“செல்வராசா அண்ணை. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ எண்டு போட்டிருக்கிறார்.”

“அவனா? போன கெழம என் மாட்டக் கல்லால அடிச்சவன்.”

“கமலாசனி ரீச்சர். ‘எப்பவும் சிரிச்ச முகம்.’”

“யாருக்கு, எனக்கா?” சுப்பம்மா உண்மையிலேயே யோசித்தாள். “வேற யாரையாச்சும் நெனச்சிருக்கும்.”

அப்போது போன் அடித்தது. படம் வாங்குபவர்களுக்காக ரஜிதா தன் பக்கத்தில் போட்டிருந்த இலக்கம் அது.

“மாயாண்டி பேசுறேன், பதுளையிலருந்து. சுப்பம்மாவோட தம்பி. மகன் போன்ல காட்டுனான்…” மூச்சு வாங்கியது. “எத்தன மணிக்கு எடுக்கிறீங்க? நான் பொறப்பட்டுட்டேன். நான் வராம எடுத்துறாதீங்க.”

ரஜிதா வாய் திறப்பதற்குள் அழைப்பு அறுந்தது.

4

மாயாண்டியைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. கதைக்குள் தம்பி வந்தால் பாசமும் வந்துவிடும், அது பாயசம் மாதிரி, கொஞ்சம் கூடினாலும் திகட்டும். ஆனால் அவனில்லாவிட்டால் ரஜிதா படத்தை அழித்துவிடுவாள், கதையும் அங்கேயே படுத்துவிடும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்தே பதுளை மலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வந்தவர்கள். போர் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபோது, மலைக்கே திரும்பிப் போவோம் என்றான் அவன். “திரும்பத் தோட்டத்து லயத்துக்கா? நான் வரல்ல” என்றாள் சுப்பம்மா. “அப்ப நீ செத்தாலும் நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு தன் மகளின் கல்யாணத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். வரவில்லை.

‘அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாய்…’ இல்லை. மாடு பார்த்தாள், கச்சான் கடலை போட்டாள், பெரும்பாலும் மறந்திருந்தாள். மறக்காத நாட்களும் இருந்தன.

5

“நான் அவருக்குத் திருப்பிக் கோல் எடுத்து உண்மையைச் சொல்லப்போறன், மாமி.”

“சொன்னா வருவானா?”

ரஜிதா இலக்கத்தை அழுத்தப் போன விரலை எடுத்தாள்.

“அப்ப சொல்லாத. படத்தையும் அழிக்காத. அவன் இங்க மல்லாவியில வந்து எறங்குற வரைக்கும் நான் செத்தவதான்.”

“வழி முழுக்க அழுதுகொண்டெல்லோ வருவார். பாவம்.”

“அழட்டும். நான் அழலயா?”

“எனக்கும் ஒரு பேர் இருக்கு மாமி. நாளைக்கு நான் போடுற படத்தை ஆர் நம்புவினம்?”

“நீ எதுவும் போட வேணாம். சும்மா இரு, போதும்.”

“வந்து உங்களைக் கண்டா என்ன செய்வார்?”

“அடிப்பான்” என்றாள் சுப்பம்மா. “அடிக்கிறதுக்காச்சும் கிட்ட வரணுமில்ல?”

6

முடிவு அ: ரஜிதா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மாயாண்டி பாதி வழியில், தம்புள்ளையில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நிற்கிறான். நேர்மையான முடிவு. சுப்பம்மாவுக்கு அதில் ஒன்றுமில்லை.

முடிவு ஆ: மாலையோடு வந்து இறங்குகிறான், அக்கா வாசலில் நிற்கிறாள், இருவரும்… எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் சந்தேகம். கிழித்தேன்.

முடிவு இ: வழியில் மாயாண்டியின் நெஞ்சு நின்றுவிடுகிறது. இப்படி முடித்தால் பரிசு கிடைக்கும். அதற்காக ஒரு மனிதனைக் கொல்ல முடியாது.

7

ஆகவே நான் வைத்திருப்பது இவ்வளவுதான். பின்னேரம் வவுனியா பஸ் நிலையத்திலிருந்து மாயாண்டி மறுபடி அழைத்தான். ரஜிதா, சுப்பம்மாவுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். சுப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மல்லாவி பஸ் நிக்குது. ஏறவா? எடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்லை ஐயா” என்றாள் ரஜிதா. அது பொய்யுமில்லை.

“மொகத்த மூடிறாதீங்கம்மா. அக்கா மொகத்த நான்…” அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஹோர்ன் சத்தங்களுக்கு நடுவே நின்று அழுதான்.

சுப்பம்மா இருமினாள்.

வேண்டுமென்றா, அடக்க முடியாமலா, எனக்குத் தெரியாது. எழுதும்போதே வந்துவிட்டது. அந்த இருமலை எடுத்துப் பார்த்தேன், பக்கம் பொய்யாகிவிட்டது. திரும்ப வைத்தேன்.

மறுமுனையில் அழுகை நின்றது.

“யாரு அது?” என்றான் மாயாண்டி.

சுப்பம்மா வாயிலிருந்து சேலையை எடுத்தாள். பஸ் புறப்படப் போகிறது, நடத்துனர் கத்துகிறார். அவள் என்ன சொன்னால் அவன் ஏறுவான் என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்த எந்தச் சொல்லுக்கும் அவன் ஏறவில்லை.